மச்சினனுக்கு டிரெட்ஜரில் வேலை வந்திருக்கிறது: போவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

இரணியல்_ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். என் மச்சினனுக்கு வெளிமாநிலத்தில் தாது மணல் அள்ளுகிற டிரெட்ஜரில் (தண்ணீரில் மிதந்தபடி தோண்டுகிற மெஷின்) வேலை என்று ஒரு ஏஜென்ட் வந்து நிற்கிறார். கான்ட்ராக்டர் மூலமாக எடுக்கிறார்களாம், டெக் ஹெல்பர், சாப்பாடும் தங்க இடமும் உண்டு. பையன் கடியப்பட்டணத்துக்காரன், வள்ளத்தில் போய்ப் பழகினவன். "கடலில் கிடந்தவனுக்குக் குளத்தில் நிற்கிற மிதவையில் என்ன பயம்" என்கிறார் மாமனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாதுகாப்பு பற்றி ஏஜென்டிடம் கேட்டால் "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்" என்கிறார், எந்தக் கம்பெனி என்று கேட்டால் கான்ட்ராக்டர் பெயரைச் சொல்கிறார். முதலில் இது கப்பல் வேலையா, ஃபேக்டரி வேலையா, சுரங்க வேலையா? எந்தச் சட்டம் இதில் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைமேடு:
சுரங்க வேலைதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். குலசேகரம் பக்கம் கல்குவாரிகளில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிரெட்ஜரில் வேலை பார்த்ததில்லை, ஆனால் சட்டம் ஒன்றுதான். 1952-ம் வருடச் சுரங்கச் சட்டமும் அதன் கீழே 1961-ல் வந்த உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும்தான் இதுவரை எங்களுக்கு வேதம். நிலக்கரியும் எண்ணெயும் அல்லாத எல்லாச் சுரங்கமும் அதில் வரும், தண்ணீரில் மிதந்துகொண்டு தோண்டினாலும் சரி, பாறையில் வெடி வைத்தாலும் சரி. மேற்பார்வை டி.ஜி.எம்.எஸ், அதாவது சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். தலைமையகம் தன்பாத்தில், நமக்கு வட்டார அலுவலகம் சென்னையில். ஏஜென்டிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. "அந்தச் சுரங்கத்தின் மேனேஜர் யார்" என்று மட்டும் கேளுங்கள். மேனேஜர் சர்டிஃபிகேட் உள்ள ஒருவர் பெயர் இல்லாமல் எந்தச் சுரங்கமும் நடக்கக் கூடாது. ஒரு பெயர் வரும், வராவிட்டால் அதுவே பதில்.

விளவங்கோடு_வக்கீல்:
பாறைமேடு அண்ணன் சொன்னதற்குச் சட்டப்பிரிவையும் சேர்த்து வைக்கிறேன், ஏனென்றால் "இது சின்ன வேலை, சுரங்கச் சட்டம் வராது" என்று கான்ட்ராக்டர்கள் அடித்துவிடுவார்கள்.

1952 சட்டத்தின் (2025-ல் அது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது) 3-வது பிரிவில் விலக்கு இருந்தது என்பது உண்மைதான். செம்மண், சரளை, கட்டடக் கல், சாதாரண மணல் போன்றவற்றைத் திறந்தவெளியில் தோண்டும்போது, ஆழம் எங்கும் 6 மீட்டரைத் தாண்டாமல், ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்காமல், வெடிமருந்தும் இல்லாமல் இருந்தால் சட்டத்தின் பெரும்பகுதி அங்கே செல்லாது. ஆனால் அந்த "சாதாரண மணல்" என்பதற்குப் பக்கத்திலேயே, கண்ணாடி மணலும் மற்ற கனிம மணல்களும் இதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கனிம மணல். ஆக ஆழம் நாலடியாக இருந்தாலும் பத்துப் பேர் வேலை பார்த்தாலும் அது சுரங்கம்.

அடுத்தது, கான்ட்ராக்டர் கதை. "உரிமையாளர்" என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே, கான்ட்ராக்டரும் உரிமையாளரைப் போலவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், ஆனால் அதனால் உண்மையான உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது என்று இருக்கிறது. இரண்டு பேரும் மாட்டுவார்கள். "அவன் எங்க ஆளு இல்லை, கான்ட்ராக்டர் ஆளு" என்று கம்பெனி கையைக் கழுவ முடியாது.

ஜெபல்அலி_ரிட்டர்ன்:
முட்டம் பக்கம்தான் நான். வளைகுடாவில் கட்டர் சக்‌ஷன் டிரெட்ஜரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பின பிறகு ஒரு மணல் டிரெட்ஜரிலும் கான்ட்ராக்டில் நின்றிருக்கிறேன் (எங்கே, யாரிடம் என்று கேட்காதீர்கள்).

மாமனார் சொல்வதைப் போலத்தான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். கடல்காரனுக்கு நீந்தத் தெரியும், அலை தெரியும், காற்று தெரியும். டிரெட்ஜரில் ஆளைக் கொல்வது இதில் எதுவும் இல்லை. முன்னால் கட்டர் தலை மண்ணைக் கடிக்கும், பம்ப் அதை உறிஞ்சிக் குழாயில் தள்ளும், இரண்டு பக்கமும் வின்ச் கம்பி நங்கூரத்தை இழுத்து மிதவையை இடமும் வலமும் ஆட்டும், பின்னால் ஸ்பட் என்ற இரும்புத் தூண் தரையில் குத்தி நிற்கும். இந்த நாலில் ஏதாவது ஒன்று எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். வின்ச் கம்பி இழுவையில் இருக்கும்போது அதற்கும் கைப்பிடிக்கும் நடுவில் நிற்கிற ஆளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அறுந்தால் காலோடு போகும். வள்ளத்தில் கயிறு அறுந்தால் கை எரியும், அவ்வளவுதான், அந்தப் பழக்கத்தில்தான் நம்ம பையன்கள் கம்பியைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள்.

இன்னொன்று நடைபாதை. டிரெட்ஜரிலிருந்து கரை வரைக்கும் மிதவைக் குழாய் வரிசையாகப் போகும், அதன் மேலே பலகையோ தகடோ போட்டிருப்பார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் சில இடத்தில் கிடையாது. பாசி பிடித்திருக்கும். ஆளைக் கொண்டுவிடப் படகு என்று ஒன்று இருக்க வேண்டும், இருந்தது, டீசல் மிச்சம் பிடிக்க அதைக் கட்டிப் போட்டுவிட்டு எங்களைக் குழாய் மேலேயே நடக்க விட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒவ்வொருத்தன் கையையும் பாருங்கள். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறுகையில் போன். கைப்பிடியை எந்தக் கையால் பிடிப்பான்?

திங்கள்சந்தை_குமார்:
அண்ணே ஒரு கேள்வி, நீச்சல் தெரிந்தவனுக்கு லைஃப் ஜாக்கெட் எதுக்கு? அந்த வெயிலில் போட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியுமா? நம்ம மீனவர்களே போடுவதில்லையே.

ஜெபல்அலி_ரிட்டர்ன்:
போடாததால்தான் ஒக்கி புயல் நேரத்தில் எத்தனை பேரை இழந்தோம் என்று கரையில் போய்க் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டிரெட்ஜரிலிருந்து விழுகிறவன் டைவ் அடிப்பதில்லை. வழுக்கி, தலை இரும்பு விளிம்பில் இடித்து, மயங்கித்தான் தண்ணீருக்குள் போவான். காலில் பாதுகாப்பு பூட்ஸ். மயங்காவிட்டாலும் மிதவைக்கு அடியில் போய்விட்டால் மேலே வர இடம் தேட வேண்டும், தண்ணீர் சேற்றுக் கலங்கல், எதுவும் தெரியாது. கரைக்கு நீந்தி வந்தாலும் ஈர மண் சரிவில் பிடித்து ஏற முடியாது, பிடித்த இடம் இடிந்துகொண்டே வரும். ராத்திரி ஷிஃப்டில் பம்ப் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் கத்துவது யாருக்கும் கேட்காது.

கடல்தாண்டிய_தோவாளை:
நான் இருப்பது அமெரிக்காவில், மணல் சரளை எடுக்கிற கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. இங்கே டிரெட்ஜருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் துறைதான் வரும், எம்.எஸ்.எச்.ஏ என்பார்கள், 1977-ம் வருடச் சட்டம். அதில் 56.15020 என்று ஒரு விதி ஒரே வரியில் இருக்கிறது: தண்ணீரில் விழும் அபாயம் உள்ள இடத்தில் லைஃப் ஜாக்கெட்டோ பெல்ட்டோ அணிந்தே ஆக வேண்டும். நீச்சல் தெரியுமா என்று விதி கேட்பதில்லை. எங்கள் இடத்தில் ஜாக்கெட் இல்லாமல் குழாய்ப் பாலத்தில் கால் வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சூப்பர்வைசராக இருந்தாலும்.

வெயிலுக்கு உடம்போடு ஒட்டாத மெல்லிய ரகம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும். ஆனால் வெல்டிங் செய்கிறவன் அதைப் போடக் கூடாது, தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்தால் ஊதாது. வெல்டருக்குப் பழைய நுரை ஜாக்கெட்தான் நல்லது.

பாறைமேடு:
நம்ம 1961 ஒழுங்குமுறையில் டிரெட்ஜருக்கென்று தனி அத்தியாயம் ஒன்று கிடையாது, அதுதான் சிக்கல். பொதுவான விதிகளை எடுத்து அதில் பொருத்திப் பார்க்க வேண்டும். உதாரணமாக 106-வது விதி, திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கச் சுவர் பற்றியது. மண், சரளை, களிமண் போன்ற இளகின தரையில் சரிவு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, இல்லையென்றால் படிப்படியாக வெட்ட வேண்டும், ஒரு படியின் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் மரமோ உருளும் கல்லோ இருக்கக் கூடாது. அடியைக் குடைந்து மேல்பகுதி துருத்தி நிற்கும்படி வெட்டவே கூடாது. மெஷின் வைத்து இதற்கு மேல் உயரத்தில் வெட்டுவதென்றால் டி.ஜி.எம்.எஸ் தனியாக அனுமதி கொடுத்து நிபந்தனை போடும்.

டிரெட்ஜர் என்ன செய்கிறது? அடியைத்தானே குடைகிறது? அங்கே இந்த விதி எப்படி ஓடுகிறது என்று ஜெபல்அலிதான் சொல்ல வேண்டும்.

ஜெபல்அலி_ரிட்டர்ன்:
நல்ல கேள்வி அண்ணாச்சி. கட்டர் தண்ணீருக்குள் அடியைக் கடிக்கக் கடிக்க மேலே உள்ள மணல் தானே இடிந்து விழும், அதைத்தான் பம்ப் உறிஞ்சுகிறது. இடிவதுதான் வேலையே. ஆகவே இடியாமல் பார்ப்பதல்ல காரியம், இடிகிற இடத்தில் ஆள் நிற்காமல் பார்ப்பதுதான். தண்ணீருக்கு மேலே தெரிகிற கரையின் உயரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். ஈரம் குறைந்த மணல் மெல்ல மெல்லச் சரியும், ஆனால் நடுவில் களிமண் அடுக்கு ஒன்று இருந்தால் அது கூரை மாதிரி தாங்கி நின்று திடீரென்று ஒரே துண்டாக விழும். விழுந்தால் எழும்புகிற அலையில் டிரெட்ஜரே ஆடும், டெக்கில் நிற்கிறவன் தடுமாறுவான். நல்ல இடங்களில் கரை உயரமாக இருந்தால் முதலில் எக்ஸ்கவேட்டரை வைத்தோ புல்டோசரை வைத்தோ மேலே இருப்பதைத் தள்ளிக் குறைத்துவிடுவார்கள், விளிம்பிலிருந்து தள்ளிக் கொடி கட்டி அதைத் தாண்டி யாரும் வரக் கூடாது என்று வைத்திருப்பார்கள். நங்கூரம் மாற்றுகிற ஆள்தான் அந்தக் கரையில் அதிகம் நிற்பான். டெக் ஹெல்பர் என்றால் பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான் அனுப்புவார்கள். மச்சினனிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

வேர்க்கிளம்பி_வயர்மேன்:
கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. மின்சாரத்தில் ஓடுகிற டிரெட்ஜர் என்றால் கரையிலிருந்து உயர் அழுத்தக் கேபிள் தண்ணீர் மேலேயே மிதவையில் போகும். டிரெட்ஜர் நகரும்போது கேபிளும் இழுபடும், வளையும், உரசும். எர்த் லீக்கேஜ் ரிலே ஒழுங்காக இருந்தால் கசிந்த உடனே கட் ஆகிவிடும். "சும்மா சும்மா டிரிப் ஆகிறது" என்று அதை பைபாஸ் செய்து வைக்கிற மகான்கள் உண்டு. மின் பாதுகாப்புக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறை இருக்கிறது, சுரங்கத்துக்கென்று அதில் தனியாகவே விதிகள் உண்டு. ஹெல்பர் வேலைக்குப் போகிறவன் கேபிளைத் தூக்கிப் போடச் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகுதான் தொட வேண்டும், பூட்டின் சாவி தொடுகிறவன் பையில் இருக்க வேண்டும்.

சின்னவிளை_பையன்:
எல்லாரும் லைஃப் ஜாக்கெட், எர்த் லீக்கேஜ் என்று அழகாகப் பேசுகிறீர்கள். கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம் தொடங்கிக் கொல்லங்கோடு வரைக்கும் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வைத்திருக்கிறார்களே, அங்கே இருக்கிற ஜனங்களின் பாதுகாப்பு எந்த விதியில் வருகிறது? மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது, 1909-ல் ஜெர்மன்காரன் ஷோம்பெர்க் தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டின மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மணவாளக்குறிச்சி மணலைக் கொண்டுபோகிறார்கள். எங்கள் வீட்டு முற்றமே அந்த மணல்தான்.

அட்மின்:
சின்னவிளை தம்பி, சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு ஏற்கனவே பெரிய இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே வாருங்கள். இங்கே வேலைக்குப் போகிறவரின் பாதுகாப்போடு நிற்போம். கதிர்வீச்சு பற்றித் தெரிந்தவர்கள் தொழிலாளி கோணத்தில் மட்டும் எழுதலாம்.

விளவங்கோடு_வக்கீல்:
சின்னவிளை கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க வேண்டாம். ஊர்க்காரர் பாதுகாப்பும் இதே விதிகளில் கொஞ்சம் இருக்கிறது: திறந்தவெளிக் குழியின் விளிம்பைச் சுற்றி வேலி போட வேண்டும், சுரங்கத்தைக் கைவிடும்போது நிரந்தர வேலி போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நம்ம மாவட்டத்தில் கைவிட்ட பாறைக்குழிகளில் தண்ணீர் நிரம்பிக் கிடப்பதையும், லீவு நாளில் பிள்ளைகள் அதில் குளிக்கப் போவதையும் பார்த்தவர்களுக்கு அந்த வேலி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெரியும்.

தொழிலாளிக்குக் கதிர்வீச்சு வரம்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்தது: ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1. இயற்கையாக மண்ணிலிருந்து வருவதும் மருத்துவ எக்ஸ்ரேயும் இந்தக் கணக்கில் சேராது. டிரெட்ஜரில் அள்ளுகிற கச்சா மணலில் மோனசைட் கொஞ்சம்தான், அதைப் பிரித்துக் குவிக்கிற ஆலையில்தான் அளவு ஏறும். காய்ந்த மணல் தூசியாகப் பறக்கிற இடத்தில் மூக்கு வழியாக உள்ளே போவதுதான் அதிகக் கவலை. பின்னால் டிரெட்ஜரிலிருந்து ஆலைக்கு மாற்றினால் டி.எல்.டி பேட்ஜும் (உடம்பில் படுகிற கதிர்வீச்சை அளக்கிறது) முகமூடியும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பேட்ஜில் வந்த அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இரணியல்_ரோடு:
எல்லாருக்கும் நன்றி. ஏஜென்டிடம் மேனேஜர் பெயர் கேட்டேன், "சார் உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார். விடாமல் கேட்டதும் சைட் இன்ஜினியர் நம்பர் ஒன்று கொடுத்திருக்கிறார். ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட்டுக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அது சரியா? அப்புறம், மிதவைக்குள் தண்ணீர் ஏறினால் இறைப்பதும் ஹெல்பர் வேலைதானாம்.

பாறைமேடு:
பிடிக்கக் கூடாது. ஹெல்மெட்டும் பூட்ஸும் முதலாளி இலவசமாகக் கொடுக்க வேண்டியவை, தேய்ந்தால் மாற்றியும் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கிற இடத்தில் தேய்ந்த பூட்ஸோடுதான் எல்லாரும் நிற்பார்கள், புதுசு கேட்டால் மறுபடி பிடிப்பான் என்ற பயம்.

மிதவைக்குள் இறங்குவது பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூடிக் கிடந்த இரும்பு அறை, உள்ளே ஈரம், துரு. துரு பிடிப்பதற்கு இரும்பு ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். மூடி வெகுநாள் திறக்காமல் இருந்தால் உள்ளே இருக்கிற காற்றில் மூச்சுக்கு ஒன்றும் மிஞ்சாது, நாற்றமும் இருக்காது, கண் எரிச்சலும் இருக்காது. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், நிலத்தடிச் சுரங்கத்தில் 19-க்குக் குறையக் கூடாது என்பது விதி. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டவுடன் விழுந்தவர்கள் உண்டு. நம்ம ஊரில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கினவன் மயங்க, அவனைத் தூக்க இறங்கினவனும் மயங்க, மூன்றாவது ஆளும் போன கதை எத்தனை கேட்டிருக்கிறோம்? அதேதான். மூடியைத் திறந்து காற்று ஊதி, மீட்டரால் அளந்து, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஒருத்தன் கண் எடுக்காமல் நிற்கும்போதுதான் இறங்க வேண்டும். பம்ப் குழாயை மேலிருந்தே உள்ளே விட முடியுமென்றால் ஆள் இறங்கவே தேவையில்லை.

ஜெபல்அலி_ரிட்டர்ன்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. தினமும் இறைக்க வேண்டியிருக்கிறது என்றால் மிதவை ஓட்டை. ஒரு அறையில் தண்ணீர் நிரம்பினால் டிரெட்ஜர் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் அந்தப் பக்கத்து மூடிகள் தண்ணீர் மட்டத்துக்கு வரும், மூடி சரியாக மூடாமல் இருந்தால் அடுத்த அறையும் நிரம்பும். அப்புறம் கவிழ்வதற்கு நிமிடக் கணக்குதான். டெக்கில் மூடிகளை எப்போதும் போல்ட் போட்டு மூடியிருக்கிறார்களா, இல்லை டீ குடிக்க உட்காரும் இடமாகத் திறந்து போட்டிருக்கிறார்களா என்று முதல் நாளே பார்க்கச் சொல்லுங்கள்.

திங்கள்சந்தை_குமார்:
இவ்வளவு விதி இருந்தும் 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் ராத்திரி பாறை சரிந்து ஆறு பேர் மாட்டவில்லையா? நாலு பேர் செத்தார்கள். தண்டனை என்ன கிடைத்துவிடப் போகிறது?

விளவங்கோடு_வக்கீல்:
பழைய சட்டத்தில் 72-சி பிரிவைப் படித்தால் உங்களுக்குக் கோபம்தான் வரும். விதியை மீறி உயிர் போனால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம்! மார்த்தாண்டத்தில் ஒரு நல்ல போன் வாங்க முடியாது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது, சுரங்கச் சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. அதில் மரணம் என்றால் சிறை இரண்டு வருடம் வரை என்பது அப்படியே இருக்கிறது, அபராதம் மட்டும் ஐந்து லட்சத்துக்குக் குறையக் கூடாது, அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். பழைய ஒழுங்குமுறைகள் புதிய சட்டத்தோடு முரண்படாத வரைக்கும், புதியவை வரும்வரை தொடரும், ஆகவே பாறைமேடு அண்ணன் சொன்ன படி உயரக் கணக்கெல்லாம் காலாவதி ஆகிவிட்டதாக யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

வழக்கு நிற்க வேண்டுமென்றால், அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ரிஜிஸ்டரில் பெயர் இல்லாதவன் விபத்துக்குப் பிறகு "வேடிக்கை பார்க்க வந்தவன்" ஆகிவிடுவான்.

பாறைமேடு:
ஆமாம், அதைச் சொல்ல வந்தேன். சுரங்கத்தில் "பி ஃபார்ம்" என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும், தொழிலாளர் பதிவேடு. அதில் பெயர் ஏறின பிறகுதான் டெக்கில் கால் வைக்க வேண்டும். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, எக்ஸ்ரே உட்பட, "ஃபார்ம் ஓ" என்று சீட்டுத் தருவார்கள், பிறகு ஐந்து வருடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். தொழிற்பயிற்சியும் வேலைக்கு முன்னால்தான், 1966-ம் வருடப் பயிற்சி விதிகளில் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவனைச் சேர்க்கவே கூடாது.

"வந்து சேரட்டும், எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிற இடத்துக்கு நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

இரணியல்_ரோடு:
இன்று சைட் இன்ஜினியரிடம் பேசினேன். மனுஷன் மரியாதையாகவே பேசினார். மேனேஜர் பெயர் சொன்னார், பயிற்சி அங்கேயே உண்டு என்றார், ஜாக்கெட் கம்பெனி கொடுக்கும், பிடித்தம் என்று சொன்னது ஏஜென்டாக இருக்கும் என்றார். ஆள் போகப் படகு இருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு "ரிப்பேரில் இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும்" என்றார். மருத்துவப் பரிசோதனை சேர்ந்த பிறகு செய்வார்களாம். மச்சினன் போயே தீருவேன் என்கிறான், மாமனாருக்கு இப்போதுதான் கொஞ்சம் யோசனை வந்திருக்கிறது.

ஜெபல்அலி_ரிட்டர்ன்:
படகு வந்த பிறகு போகட்டும். அந்தப் பேச்சில்லாத கொஞ்ச நேரம் எனக்குத் தெரியும்.

பாறைமேடு:
பரிசோதனை முதலில், வேலை பிறகு என்று இன்ஜினியருக்கு வாட்ஸப்பில் எழுதியே அனுப்புங்கள், பேச்சோடு விட வேண்டாம். அவர் என்ன பதில் போட்டாலும் அது எழுத்தில் இருக்கும். போகிறான் என்றே ஆகிவிட்டால் ஃபார்ம் ஓ நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், அவன் பெட்டியில் இருந்தால் போதாது.

இரணியல்_ரோடு:
அனுப்பிவிட்டேன் அண்ணாச்சி. நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே போடுகிறேன்.